யார் விரலோ அவர் பாஷை

ரம்பத்துக்குப் பல் தீட்டுவது என் பிழைப்பு. மரம் அறுக்கும் மில்லில் எனக்குப் ‘பல் டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் பின்பக்கத்து அறையில் முக்கோண அரத்தோடு உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு ரம்பம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ரம்பம். தீட்டினால் மட்டும் போதாது. ஒரு பல்லை இடப்பக்கம் துளி வளைத்தால் அடுத்ததை வலப்பக்கம் வளைக்க வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே பக்கம் சாய்ந்தால் ரம்பம் மரத்துக்குள் சிக்கிக்கொண்டு அலறும். எத்தனையோ பேருக்கு இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். எவன் கேட்டான்?

ஊரில் இரண்டு விதமான ஜனங்கள். மேட்டில் இருப்பவர்கள் மேட்டுக்காரர்கள், ஆற்றோரம் இருப்பவர்கள் கரைக்காரர்கள். பாஷை வேறு, சாமி வேறு. லாரி மோதினால் திட்டுகிற வார்த்தை மட்டும் இரண்டு பேருக்கும் பொது. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. எங்கள் ஜனம் மொத்தமே பதினொரு வீடு. எங்களை யாரும் அடிக்கவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அது ஒரு சௌகரியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த வருஷம் மில்லில் ஒரு விபத்து நடந்தது. பெருங்கட்டைகளை டிராலியில் ஏற்ற இரண்டு முனையிலும் ஆள் நின்று எண்ணித் தூக்க வேண்டும். மேட்டுக்காரர்கள் மூன்று என்றதும் தூக்குவார்கள். கரைக்காரர்களுக்கு நான்குதான் கணக்கு. மூன்று சொல்லி, மூச்சை இழுத்து, நான்கில்தான் பலத்தைக் கொடுப்பார்கள். அன்றைக்கு எண்ணியவன் மேட்டுக்காரன். அவன் முனை மூன்றில் ஏறிவிட்டது. எதிர்முனையில் நின்ற கரைக்காரனின் மூன்று விரல்கள் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் போய்விட்டன. மரத்தூளைக் கிளறித் தேடினோம். இரண்டுதான் கிடைத்தன.

உடனே இரண்டு பக்கமும் கடப்பாரையைத் தூக்கிவிட்டார்கள். வேணும்னே பண்ணினான் என்று இவர்கள், உங்களுக்கு எண்ணத் தெரியாது என்று அவர்கள். ஒன்பது நாள் மில் நின்றது. பத்தாம் நாள் விரல் போனவனே கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றான்.

“எவன் விரல் ரம்பத்துக்குக் கிட்ட இருக்கோ, அவன் பாஷையில எண்ணுங்கடா. தள்ளுறவன் விரல் எங்கடா போகப் போகுது? அவன் கத்துக்கட்டும்.”

அவ்வளவுதான் எங்கள் சட்டம். எந்தச் சுவரிலும் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மில்லில் ஒருத்தன் நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

இந்தக் கதை இரண்டு பேரைப் பற்றியது. ஒருத்தன் தள்ளு. டிராலியின் பின்னால் நின்று கட்டையை ரம்பத்துக்குள் தள்ளுகிறவன், மேட்டுக்காரன், கதவு மாதிரி முதுகு. இன்னொருத்தன் இழுவை. ரம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று பலகையை இழுத்து எடுக்கிறவன், கரைக்காரன். வேலையாலும் அந்தப் பெயர் பொருத்தம், பேச்சாலும் பொருத்தம். ‘தண்ணி குடு’ என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு பல் தீட்டிவிடுவேன். பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே ரம்பத்தின் இரண்டு பக்கம் நின்றார்கள். விரல் இழுவையினுடையது என்பதால் பத்தொன்பது வருஷமும் தள்ளு கரைக்காரர் பாஷையில்தான் எண்ணினான். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இருக்கும்.

தள்ளுவின் தங்கை அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். மில்லில் எல்லாருக்குமே அவள் தங்கச்சிதான். கொஞ்ச நாளில் தூக்குச்சட்டியில் ஒரு ஆள் சாப்பாடு கூடுதலாக வர ஆரம்பித்தது. தள்ளு கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம். ஒரு நாள் இழுவையும் தங்கச்சியும் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றார்கள். தள்ளு இரண்டு வாரம் மாப்பிள்ளையோடு பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் அவன் இழுவையிடம் சொன்ன வார்த்தைகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இவை மட்டும்தான். அதையும் கரைக்காரர் பாஷையில்தான் சொன்னான். கோபம் வேறு, விரல் வேறு.

மூன்றாவது வாரம் இழுவை தன் வழக்கமான வேகத்தில் ஆரம்பித்தான். “மச்சான்... நான் என்ன சொல்றேன்னா...”

“நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள உனக்குப் பேரன் பிறந்துடுவான். சாப்பிட வா” என்றான் தள்ளு. சமாதானம் ஆகிவிட்டது.

இப்படி இருந்த ஊருக்கு அரசாங்கம் ஒற்றுமையைக் கொண்டுவந்தது. ஒற்றுமை நாள் கொண்டாடப் போகிறோம், மைதானத்தில் மேடை, மேடைக்குப் பின்னால் இருபதடி நீளத்தில் ஒரு பெரிய பலகை, அதில் ‘நாம் அனைவரும் ஒன்று’ என்று எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேடைக்கும் பலகைக்கும் மரம் அறுத்தது எங்கள் மில்தான். எழுத்து இரண்டு பாஷையிலும் இருக்க வேண்டுமாம். எங்கள் பதினொரு வீட்டுப் பாஷைக்கு இடம் இல்லையாம். அதைப் பற்றி நான் பேசவில்லை. பேசினது மற்றவர்கள். எந்தப் பாஷை மேலே, எந்தப் பாஷை கீழே?

அளவு பார்க்க வந்த அதிகாரியிடம் இழுவை தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். “ஐயா... ரெண்டு பலகையா அறுத்துத் தந்துடறோம். பக்கத்துல பக்கத்துல வச்சுடுங்க.”

“ரெண்டு பலகை வச்சா அது எப்படிப்பா ஒற்றுமை ஆகும்? ஒரே பலகையில இருக்கணும்.”

“அப்ப மேல இருக்கிறவன் யாரு, கீழ இருக்கிறவன் யாருன்னு வருமே ஐயா.”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றார் அவர். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது.

மேட்டுக்காரர் எழுத்து மேலே வந்தது. ஒற்றுமை நாளுக்கு முந்தின தினம் யாரோ அதன் மேல் தார் பூசினார்கள். மறுநாள் விடிந்ததும் வந்து பார்த்த மேட்டுக்காரர்கள் கீழ் எழுத்தைக் கோடாலியால் கொத்தினார்கள். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் பாட வந்தபோது மேடைக்கு முன்னால் கல் பறந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு முதல் ஆள் செத்தான். கரைக்காரர், வயசானவர், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். மேடைப் படியிலிருந்து பிடுங்கிய பலகையால் அவர் தலையில் அடித்தார்கள். அந்தப் பலகையில் ஆணி இருந்தது. பதினொரு மணிக்கு ஆற்றோரத்தில் இரண்டு மேட்டுக்காரப் பையன்களை மீன் வெட்டுகிற கத்தியால் வெட்டிப் படிக்கட்டில் போட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கேட்க ஊரில் ஆள் இல்லை.

நானும் இழுவையும் அப்போது மில்லில் இருந்தோம். மேடை ஆடுகிறது, ஆப்பு எடுத்துவா என்று அவனை அனுப்பியிருந்தார்கள். எனக்கு விழாவுக்குப் போக மனசில்லை, அரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டமும் கூச்சலும் கேட்டதும் இழுவையை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டேன். மில்லின் முன்கதவு இரட்டைக் கதவு, உள்பக்கம் திறப்பது. வேலை இல்லாத நாளில் அதற்கு உள்ளே ஒரு குறுக்குக்கட்டை போட்டுவிட்டு, பின்பக்கத்துச் சின்ன இரும்புக் கதவு வழியாகத்தான் வெளியேறுவோம். அதனால் கட்டை போட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. அந்தக் குறுக்குக்கட்டை பெரிய கனம். ஒற்றை ஆளால் அசைக்க முடியாது. ஒரு முனையில் ஒருத்தர், மறுமுனையில் ஒருத்தர் பிடித்துத் தூக்கினால்தான் கொக்கியை விட்டு எழும்பும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில் தங்கச்சி பின்கதவைத் தட்டினாள். செருப்பு இல்லை, தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கையில் தூக்குச்சட்டி. ஊர் எரிகிறது, இவள் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள்.

“உனக்கு மூளை இருக்கா?” என்றேன்.

“வெறுங்கையோட வந்தா எங்க போறேன்னு கேட்பாங்க. சட்டி இருந்தா அண்ணனுக்குச் சாப்பாடுன்னு சொல்லலாம்ல?” என்றாள். மூளை இல்லாதவன் நான்தான்.

இழுவை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “நான்... உன்கூடவே வந்துடறேன்.”

“தெருமுனையில நிக்கிறாங்க. உன்னைப் பார்த்தா கண்டதுண்டமா வெட்டிடுவாங்க. இங்கயே கிட. பொழுது சாயட்டும், எப்படியாவது உன்னை அந்தக் கரைக்கு அனுப்பறேன். நீ மட்டும் வெளிய தலையைக் காட்டாதே. டாக்டரே, இவரை விட்டுடாதீங்க.”

“விடமாட்டேன்” என்றேன். நல்ல வாக்குக் கொடுத்தேன்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பின்சந்தில் இருந்த மண்ணெண்ணெய்க் கடைக்குத் தீ வைத்துவிட்டார்கள். இரும்புக் கதவு தொட முடியாமல் சுட்டது. அந்த வழி போச்சு. நானும் இழுவையும் ரம்பத்துக்கு அடியில் இருந்த தூள் குழியில் இறங்கி உட்கார்ந்தோம். வெயிலும் தீயும் சேர்ந்து மில் முழுக்க அனல். மரத்தூள் வியர்வையில் ஒட்டிக்கொண்டு அரித்தது. நான் நடுங்கினேன். இழுவை நடுங்கவில்லை, சட்டியைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டான், எனக்கும் ஒரு கை கொடுத்தான்.

“டாக்டரே... உங்க பாஷையில நாலுக்கு என்ன?”

“இப்ப ரொம்ப முக்கியம்!”

“இல்ல... பத்தொன்பது வருஷமா கேட்கணும்னு இருந்தேன்.”

சொன்னேன். அவன் இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அதற்குள் முன்வாசலில் கும்பல் வந்துவிட்டது.

முப்பது பேர் இருக்கும் என்று சத்தத்தை வைத்துச் சொல்லலாம். முன்னால் நின்று கத்தியது எங்கள் லாரிக்காரன். பத்து வருஷமாக எங்கள் மில்லில் லோடு ஏற்றியவன், எங்களோடு ஒரே வாளியில் தண்ணீர் மொண்டு குடித்தவன். டீசல் உள்ளே இருக்கிறது, அறுத்த பலகை உள்ளே இருக்கிறது, கரையோரம் முழுக்கக் கொளுத்த அது போதும், கதவை உடை என்று கத்தினான். நாங்கள் குழியிலிருந்து ஏறி ஓடிப்போய்க் குறுக்குக்கட்டையில் தோளை முட்டுக் கொடுத்து நின்றோம். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. கதவு இடுக்கில் வெளியே தெரிந்தது.

முற்றத்தில் கிடந்த கட்டை ஒன்றைப் பத்துப் பேர் தூக்க முயன்றார்கள். மரத்தைத் தொட்டறியாத கைகள். ஒருத்தன் எண்ணினான், மூன்றில் பாதிப் பேர் தூக்கினார்கள், மீதிப் பேர் பார்த்தார்கள். கட்டை உருண்டு ஒருத்தன் பாதத்தில் விழுந்தது. அவன் போட்ட சத்தத்தில் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு எப்படியோ தூக்கிவந்து கதவில் இடித்தார்கள். ஆளுக்கொரு நேரத்தில் இடித்ததால் கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இழுவை என்னைப் பார்த்துச் சிரித்தான். “இவனுங்களால... ஆகாது.”

“டேய், அவனை முன்னாடி கொண்டாங்கடா!” என்றான் லாரிக்காரன்.

தள்ளுவைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஏற்கெனவே அடித்திருந்தார்கள். உதடு கிழிந்து தொங்கியது.

“நீ எங்க ஆளா, கரைக்காரன் மச்சானா? இப்பவே சொல்லு.”

“என் மாப்பிள்ளை ஊர்லயே இல்ல. காலையிலயே ஆத்தைத் தாண்டிட்டான். என்னை விடுங்கடா” என்றான் தள்ளு. பொய் சொல்லத் தெரியாதவன் குரல் அது. அவன் அதை நம்பித்தான் சொன்னான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. யார் அப்படிச் சொன்னார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

“அப்ப உனக்கு என்ன வலிக்குது? உள்ள யாரும் இல்லல்ல? பின்முனையைப் பிடி. நீதானே மில்காரன், எண்ணு. எண்ணலைன்னா உன் தங்கச்சி வீட்டுல இருந்து ஆரம்பிக்கிறோம்.”

தள்ளு கட்டையின் பின்முனையைப் பிடித்தான். மில் காலி என்று நினைத்தான். கதவு போனால் போகிறது, பலகை போனால் போகிறது, தங்கச்சி பிழைத்தால் போதும் என்று நினைத்திருப்பான். கட்டையின் முனையில் கையை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, காலை அகட்டி, பத்தொன்பது வருஷமாக நின்ற மாதிரி நின்றான். வாயைத் திறந்தான்.

“ஒண்ணு...” என்றான். கரைக்காரர் பாஷையில்.

“இரண்டு...” என்றபோது முன்னால் ஒருத்தனுக்கு வழுக்கிவிட்டது. “இரு, இரு! சரியாப் பிடிங்கடா” என்று லாரிக்காரன் நிறுத்தினான். எந்தப் பாஷையில் எண்ணினான் என்பது அவனுக்கே உறைக்கவில்லை. அவனும் பத்து வருஷமாக அந்த எண்ணிக்கையில்தானே லோடு ஏற்றினான்.

உள்ளே இழுவையின் முகம் மாறிவிட்டது. “மச்சான்” என்றான். “டாக்டரே, மச்சான்! என் பாஷையில எண்ணுறாரு.”

அவன் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“இருடா. அவன் கூட அவனுங்க நிக்கிறாங்க.”

“நான் உள்ள இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஆத்தைத் தாண்டிட்டான்னு சொன்னது அவனுங்களை ஏமாத்தத்தான். இல்லன்னா ஏன் என் பாஷையில எண்ணப் போறாரு? நம்மளைத்தான் தூக்கச் சொல்றாரு. பிடிங்க!”

எங்கள் மில்லில் அந்த எண்ணிக்கைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. நீ அங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும், உன் விரல் பத்திரம் என்பதுதான் அது. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் குரல் அவனை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

வெளியே மறுபடியும் ஆரம்பித்தான். ஒண்ணு. இரண்டு. இழுவை குறுக்குக்கட்டையின் அடியில் கையைக் கொடுத்தான். மூன்று. அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். திறந்தேனா, இல்லையா, சத்தியமாக எனக்குத் தெரியாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் தள்ளு மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

நான்கு.

குறுக்குக்கட்டை எழும்பியது.

கதவு திறந்தது. பத்துப் பேர் முழு வேகத்தில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கட்டைக்கு எதிரே கதவு இல்லை, இழுவை நின்றான். கையை விரித்துக்கொண்டு நின்றான், மச்சானைக் கட்டிக்கொள்ள. கட்டையின் முனை அவன் நெஞ்சில் பட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போய் ரம்ப மேசையின் இரும்பில் வைத்து நசுக்கியது. எலும்பு உடைந்த சத்தம் பச்சை மரம் பிளக்கிற சத்தம்தான், வித்தியாசம் இல்லை. தூக்கி வந்தவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். எழுந்து பார்த்து, ‘டேய், கரைக்காரன்டா!’ என்று கத்தினார்கள். லாரிக்காரன் சுவரில் சாத்தியிருந்த ரீப்பர்க் கட்டையை எடுத்தான். இழுவைக்கு அப்போதும் உயிர் இருந்தது. முகத்தில் இறங்கியது முதல் அடி. நான் எண்ணவில்லை. அன்றைக்கு எண்ணியது போதும்.

தள்ளு ஒரு சத்தம் போட்டான். மனுஷன் போடுகிற சத்தம் இல்லை. ஓடிவந்து இழுவையின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான். அவனை முதுகில் அடித்தார்கள், எழவில்லை. இடது கையை மேசை விளிம்பில் வைத்துக் கடப்பாரையால் இரண்டு இடத்தில் முறித்தார்கள், எழவில்லை. அப்போதுதான் ஒருத்தனுக்கு உறைத்தது. “டேய், இவன் எந்தப் பாஷையிலடா எண்ணினான்? உள்ள இருக்கிறவனுக்குச் சைகை குடுத்திருக்கான்டா!” அதற்குத் தனியாக அடித்தார்கள். ஒருத்தன் குனிந்து தள்ளுவின் தலைமுடியைப் பிடித்தபோது தள்ளு அவன் காதைக் கடித்து எடுத்துவிட்டான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? என் இடுப்பில் அரம் செருகியிருந்தது. ஒரு முழ நீளம், முனை கூர். லாரிக்காரன் முதுகு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ‘நான் உங்க ஆளும் இல்ல, அவங்க ஆளும் இல்ல’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எவனோ போகிற போக்கில் கட்டையால் வாயில் ஒன்று வைத்தான். பல் டாக்டருக்கு முன்பல் நான்கு போச்சு. தூள் குழியில் விழுந்தேன். டீசலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கரையோரம் போனார்கள்.

அன்று சாயங்காலம் பட்டாளம் வந்தபோது கரையில் நாற்பது வீடுகள் சாம்பல், மேட்டில் பதினேழு. மைதானத்துப் பலகையில் ‘ஒன்று’ என்கிற வார்த்தை மட்டும் தார் படாமல் மிச்சம் இருந்தது. யாரோ அதையும் அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

இழுவையை எடுத்துப் போட்டு ஒரு வாரம் ஆவதற்குள் ஊரில் இரண்டு கதைகள் ஓடின. தள்ளு மாப்பிள்ளையின் பாஷையில் கூப்பிட்டுக் கதவைத் திறக்க வைத்துக் கொன்றுவிட்டான் என்றார்கள் கரைக்காரர்கள். தள்ளு எதிரியின் பாஷையில் எச்சரிக்கை கொடுத்த துரோகி என்றார்கள் மேட்டுக்காரர்கள். அவன் வீட்டு வாசலில் இரண்டு பக்கத்து ஆட்களும் துப்பிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் ஒற்றுமையாக இருந்தது. லாரிக்காரனைப் பிடித்தார்கள், மூன்று மாதத்தில் விட்டார்கள். விசாரணைக்கு வந்தவர் என்னைக் கேட்டார்.

“கதவு எப்படித் திறந்தது?”

“செத்துப்போனவன் திறந்தான் ஐயா” என்றேன். பல் இல்லாத வாய், சரியாகப் புரிந்ததோ என்னவோ. எழுதிக்கொண்டார்.

தங்கச்சி அண்ணனோடு பேசவில்லை. அழவும் இல்லை. தள்ளுவும் ‘நான் தெரியாமல் எண்ணினேன்’ என்று ஒரு தடவைகூட அவளிடம் சொல்லவில்லை. கோணலாக ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டு ஏழு மாதம் உட்கார்ந்திருந்தான். நான் வாரத்துக்கு ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போவேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஏழு மாதம் கழித்து முதலாளி மில்லைத் திறந்தார். தள்ளு வந்து டிராலியின் பின்னால் நின்றான். அவனுக்கு எதிரே ரம்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்க ஒருத்தனும் வரவில்லை. மூன்று நாள் அவன் தனியாக நின்றான். நான் ரம்பத்தைத் தீட்டினேன், அறுக்க ஆள் இல்லை.

நாலாம் நாள் காலை தங்கச்சி வந்தாள். கையில் தூக்குச்சட்டி இல்லை. புருஷனின் தோல் கையுறைகளை மாட்டியிருந்தாள், விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று தொங்கின. நேராகப் போய் இழுப்பு முனையில் நின்றாள்.

முதலாளி பதறினார். “அம்மா, இது பொம்பளை செய்யற வேலை இல்லம்மா.”

“வேற என்ன குடுப்பீங்க? எனக்கும் ஒரு பலகையில ‘நாம் அனைவரும் ஒன்று’ன்னு எழுதி வைப்பீங்களா?” என்றாள். அவர் போய்விட்டார். “அந்தக் கட்டையை எடுங்க” என்றாள் அவள்.

எந்தக் கட்டை என்று யாரும் கேட்கவில்லை. முற்றத்து மூலையில் கிடந்தது. ஏழு மாத மழையிலும் அதன் முனையில் இருந்த கறை போகவில்லை. நெம்பி உருட்டி டிராலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். இனி தூக்க வேண்டும். தள்ளு காலை அகட்டி நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு மேட்டுக்காரர் பாஷையில், அவனும் அவளும் பிறந்த பாஷையில், ஒண்ணு என்றான், ரெண்டு என்றான், மூணு என்றான். அவன் முனை லேசாக எழும்பியது. அவள் முனை அசையவில்லை.

“அது இல்ல. இந்த முனைக்கு என்ன பாஷையோ அதுல எண்ணு” என்றாள்.

“வேணாம்மா. அது என் வாயில வராது.”

“அன்னிக்கு வந்துச்சில்ல?”

தள்ளு கட்டையின் மேல் தலையை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. “நான்தான் கொன்னேன்னு சொல்லிடு தாயி. ஏழு மாசமா நீ ஒரு வார்த்தை சொல்லல. சொல்லிடு, நான் போய் எங்கயாவது விழுந்து சாகறேன்.”

“நீ மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டியா? அவரு ஆத்தைத் தாண்டிட்டாருன்னு உன்கிட்ட சொன்னது யாரு? நான்தானே. அவரு இங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். பின்வாசல்ல அவரைப் பார்த்துட்டு நேரா உன்கிட்டதான் வந்தேன், உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். உன்னைச் சுத்தி அவனுங்க நின்னாங்க. உன் மூஞ்சியைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் நீ எனக்கு அண்ணனா தெரியல, மேட்டுக்காரனா தெரிஞ்சே. வாய் பொய் சொல்லிடுச்சு. உள்ள அவரு இருக்காருன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா உன்னை வெட்டிப் போட்டிருந்தாலும் எண்ணியிருப்பியா?”

தள்ளு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ரம்பம் நின்றது, அன்று காலை நான் தீட்டியது.

நான் அரத்தைக் கீழே வைத்தேன். “குறுக்குக்கட்டையை ஒத்தை ஆளால தூக்க முடியாது” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“மறுமுனையைத் தூக்கினது நான். விடமாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்துட்டு, நாலுன்னதும் தூக்கிட்டேன். அவன் ஒருத்தனே திறந்தான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

தங்கச்சி ரம்ப மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தோல் உறை போட்ட கையால் என் வாயில் ஒன்று வைத்தாள். பல் போன இடத்தில் மறுபடியும் ரத்தம் வந்தது. இன்னொன்றும் வைத்தாள். நான் நகரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தன் முனைக்குத் திரும்பிப் போனாள்.

“வந்து நடுவுல பிடிங்க” என்றாள்.

பிடித்தேன். தள்ளு கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கரைக்காரர் பாஷையில் ஒண்ணு என்றான். குரல் உடைந்துவிட்டது. அவள் காத்திருந்தாள். இரண்டு என்றான். மூன்று என்றான். மூச்சை இழுத்தான். நான்கு என்றான். மூன்று பேரும் ஒன்றாகத் தூக்கினோம், கட்டை டிராலியில் போய் உட்கார்ந்தது.

தங்கச்சி உறைகளைக் கழற்றிப் பத்து விரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

“தள்ளு, அண்ணே” என்றாள்.